கட்டியவர் சோதிப்பதில்லை

சேவுகமூர்த்தி கழுத்திலிருந்த ஸ்கார்ஃபைக் கழற்றி மேசைமேல் எறிந்தார். அதைப் பிடித்திருந்த தோல் வளையம் தனியே கழன்று உருண்டு, தலைவரின் தண்ணீர் பாட்டிலில் முட்டி நின்றது.

"என்னைச் சந்தேகப்படுற இடத்துல எனக்கு என்ன வேலை?" என்றார். "இன்னையோட சரி."

மாந்தோப்பில் கூடாரங்கள் பாதி எழும்பியிருந்தன. மறுநாள் காலையில் பிள்ளைகள் வந்து இறங்கிவிடுவார்கள். முந்தின நாளே வந்துவிட்ட பெரியவர்கள், கூடாரம் அடிக்கிற வேலையை விட்டுவிட்டுத் தகரக் கொட்டகைக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பளம் வாங்காமல், சொந்தக் காசில் காக்கி தைத்துப் போட்டுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாரணர் பயிற்சி கொடுக்கிறவர்கள் அவர்கள். மரியாதையாக நடக்க வேண்டும் என்று சாரணர் விதியில் ஒன்று உண்டு. பிள்ளைகளை அதை மூச்சு விடாமல் ஒப்பிக்க வைப்பார்கள். அன்று காலையிலிருந்து அந்தக் கொட்டகையில் அது ஒருவருக்கும் நினைவில்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு புது விதி. சாரணியர் படையை நடத்தும் முபீனா கொண்டுவந்தது. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. கூடாரமோ, வண்டியோ, ராத்திரி நேரமோ, எதுவானாலும் இன்னொரு பெரியவர் பார்வை படுகிற தூரத்தில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. அதில் யார் பெயரும் கிடையாது. ஆனால் சேவுகமூர்த்திக்கு அது தன்னைப் பார்த்து நீட்டிய விரலாகவே பட்டது.

அப்படிப் பட்டதற்குக் காரணம் இருந்தது. டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிற இந்த மனிதருக்கு முகாமில் யாரும் கொடுக்காத வேலை ஒன்று உண்டு. முதல் நாள் ராத்திரி ஏதாவது ஒரு பிள்ளை வீட்டை நினைத்து அழும். மற்றவர்கள் அதட்டித் தூங்க வைக்கப் பார்ப்பார்கள். மூர்த்தி அந்தப் பிள்ளையை எழுப்பி அடுப்படிக்குக் கூட்டிப்போய், சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, அது அழுது பேசி முடிக்கிறவரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். விடிந்ததும் கொடி வணக்கத்துக்கு அந்தப் பிள்ளைதான் முதல் ஆளாக வந்து நிற்கும். அப்படி அழுதவர்களில் சிலர் இப்போது வளர்ந்து ஆளாகி, கல்யாணப் பத்திரிகை வைக்க அவர் கடை தேடி வருகிறார்கள். இந்த அடுப்படியைத்தான் விதி போட்டு மூடுகிறார்கள் என்று அவருக்கு வயிறு எரிந்தது.

"யாரை மனசுல வெச்சுக்கிட்டு இதை எழுதுனீங்க? பேரைச் சொல்லுங்க," என்று முபீனாவைக் கேட்டார்.

முபீனாவும் பொறுத்துப் போகிற ரகம் இல்லை. "யாரையும் மனசுல வெச்சு எழுதல சார். அப்படி ஒரு பேரு எங்கிட்ட இருந்தா இந்தக் கூட்டத்துக்கு ஏன் வரப்போறேன்? நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குல்ல போயிருப்பேன்."

அதோடு கொட்டகை இரண்டு பட்டது. இனிமேல் பிள்ளைக்குக் காலில் முள் எடுக்கக்கூட சாட்சிக்கு ஆள் தேட வேண்டும் போலிருக்கிறதே என்று மூர்த்தியின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் சற்குணம் கேலி செய்தார். ஒரு ஆளுக்கே வழியில்லாத இயக்கத்தில் இரண்டிரண்டு பேருக்கு எங்கே போவது என்றார் ஒருவர். பெற்றவர்கள் கேட்டால் நல்லவர்கள் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு காட்டுவீர்களா என்று மேசையைத் தட்டினார் இன்னொருவர். அவர்களுக்குள் இருந்த பழைய பகையெல்லாம் இதுதான் சாக்கு என்று எழுந்து வந்தது. போன வருடம் யாருடைய படைக்குக் கோப்பை கொடுத்தார்கள் என்பதுவரை போய்விட்டது.

தலைவர் அம்பலவாணன் யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். மூர்த்தி ஸ்கார்ஃபை எறிந்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. மூர்த்தி போனால் இந்த முகாமில் ஒரு கயிறு நிற்காது. அவர் படையை எடுத்து நடத்த வேறு ஆளும் கிடையாது, அத்தனை பிள்ளைகளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டெடுப்பு என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். பிறகு மூர்த்தியின் பின்னாலேயே ஓடிவந்து, இந்த விதியை நான் ஓட்டுக்கே விடப்போவதில்லை, நீங்கள் இருந்தால் போதும் என்று காதில் சொன்னார்.

ஆக, மூர்த்தி ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்தவருக்குக் கோபம் இன்னும் ஏறிக்கொண்டுதான் போனது.

கோபம் வந்தால் கயிறு கட்டுவது அவர் வழக்கம். கண்மாயிலிருந்து வரும் கால்வாய்க்கு மேலே பிள்ளைகள் நடந்து பழகுவதற்காகக் கயிற்றுப் பாலம் ஒன்று பாதியில் நின்றது. காலுக்கு ஒரு கயிறு, கைக்கு இரண்டு கயிறு. பல்லைக் கடித்துக்கொண்டு மீதி முடிச்சுகளைப் போட ஆரம்பித்தார்.

பரிபூரணம் டீச்சர் மெதுவாக நடந்து வந்து கரையில் உட்கார்ந்தார். மேசைமேல் கிடந்த ஸ்கார்ஃபை எடுத்து வந்திருந்தார். அதை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த மாவட்டத்தில் சாரண ஆசிரியராகப் பயிற்சி எடுத்த எல்லாருமே அவரிடம் முடிச்சுப் போடக் கற்றவர்கள்தான். மூர்த்தியும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து அவரிடம் கற்றவர். அவருக்கு டீச்சர் சொன்னால் சொன்னதுதான். அந்த டீச்சர் காலையிலிருந்து கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அது வேறு அவருக்குச் சுருக்கென்று தைத்திருந்தது.

"எனக்காக ஒரு வார்த்தை பேசணும்னு தோணலையா டீச்சர்?"

"பாலம் ஆச்சா?"

"ஆச்சு. யானையே போகலாம்."

"அப்ப நான் போறேன்," என்று டீச்சர் எழுந்து கயிற்றில் காலை வைத்தார்.

மூர்த்தி ஓடிவந்து மறித்தார். "இறங்குங்க. இன்னும் பார்க்கல."

"நீங்கதானே கட்டுனீங்க?"

"நான் கட்டுனதாலதான் சொல்றேன். கட்டுனவன் சோதிக்கக் கூடாது, வேற ஆள்தான் பார்க்கணும். முத நாள் பாடமே இதுதானே? நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

"யாரு பார்ப்பா?"

"யாராவது. முடிச்சு தெரிஞ்ச ஆளா இருந்தாச் சரி."

டீச்சர் தோப்புப் பக்கம் திரும்பி முபீனாவைக் கூப்பிட்டார். முபீனா வந்தார். மூர்த்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தார், குதிகாலால் மிதித்துப் பார்த்தார், அக்கரைக்குப் போய் அந்தப் பக்கத்து முளைகளையும் உலுக்கிப் பார்த்தார். ஒன்றிலும் குறை இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று டீச்சரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"கோவம் வந்துச்சா?" என்று கேட்டபடி டீச்சர் மறுபடியும் கரையில் உட்கார்ந்து ஸ்கார்ஃபை மடியில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு?"

"நீங்க போட்ட முடிச்சை முபீனா இழுத்துப் பார்த்தாங்களே."

மூர்த்திக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் தப்பாகப் போயிற்று. கையிலிருந்த கயிற்றுச் சுருளைத் தூக்கிக் கால்வாய்க்குள் வீசினார்.

"இதைச் சொல்லத்தான் வந்தீங்களா? கயிறு வேற, மனுஷன் வேற டீச்சர். கயித்துக்கு மானம் கிடையாது. எனக்கு இருக்கு. பச்சப் பிள்ளைக்குக் காப்பி போட்டுக் குடுக்கிறதுக்கு எனக்கு ஒரு காவல்காரன் வேணுமா? இன்னொரு ஆள் உட்கார்ந்திருந்தா அந்தப் பிள்ளை வாயைத் திறக்குமா?"

"அடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் காலைச் சமையலுக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா, பிள்ளை பேசாதா?"

"உரிக்கட்டும். எதுக்கு உரிக்கிறான்னு எனக்குத் தெரியுமே. அதை எப்படித் தாங்குறது?"

மூர்த்தி சுருளை எடுக்கக் கால்வாயில் இறங்கவில்லை. சுருள் பாட்டுக்கு மிதந்து கொண்டு போனது, இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிரஞ்சன் நாளைக்கு வர்றானா?" என்று கேட்டார் டீச்சர்.

நிரஞ்சன் மூர்த்தியின் ஒரே மகன். அந்த வருடம்தான் படையில் சேர்ந்திருந்தான். பேச்சு அவன் பக்கம் திரும்பியதும் மூர்த்தியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"வர்றான். ராத்திரி கண்டிப்பா அழுவான். அவங்க அம்மாவ விட்டு ஒரு நாள் இருந்ததில்ல."

"அழுதா யாரு கூட்டிட்டுப் போவா?"

சொந்தப் பிள்ளை அழுதால் அப்பாவோ அம்மாவோ போகக் கூடாது, வேறு ஆள்தான் போக வேண்டும் என்பது முகாமில் அவரே வைத்த ஒழுங்கு.

"தலைவர் போகட்டுமா? அம்பலவாணன்?"

"அவரு வேண்டாம்."

"ஏன், தப்பான மனுஷனா?"

"சேச்சே. அப்படி எதுவும் கேள்விப்பட்டதில்ல." கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம், விடுங்க."

"சற்குணம்?"

சற்குணத்திடம் கடைச் சாவியைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டுத் திருப்பதிக்குப் போய் வந்தவர் மூர்த்தி. காலையில் அவருக்காகக் கேலி பேசிச் சண்டைக்கு நின்றதும் சற்குணம்தான். போகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த வார்த்தை வரவில்லை. ராத்திரி நேரம், எல்லாரும் தூங்குகிற முகாம், தூரத்தில் அடுப்படி, அழுத முகத்தோடு நிரஞ்சன் என்று நினைத்துப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு எந்த முகத்தை வைத்துப் பார்த்தாலும் நெஞ்சு ஒப்பவில்லை.

"அவன் நல்லவன் டீச்சர்."

"எனக்கும் தெரியும். அனுப்புவீங்களா?"

மூர்த்திக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஏன் இப்படிப் பண்ணுகிறீர்கள், நல்ல மனிதர்கள் மேலெல்லாம் என்னைச் சேறு பூச வைக்கிறீர்களே என்று டீச்சரிடமே கத்தினார். டீச்சர் அசையவில்லை. நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை, பெயரை மட்டும்தான் கேட்டேன் என்றார்.

"சரி, முபீனா?"

"அந்தம்மாவா?" மூர்த்தி கசப்பாகச் சிரித்தார். "அது எங்க தனியாக் கூட்டிட்டுப் போகும்? சட்டம் பேசிக்கிட்டு இன்னொரு ஆளையும்ல எழுப்பிக் கூட்டிட்டுப் போகும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

கொட்டகையிலிருந்து விசில் சத்தம் வந்தது. அம்பலவாணன் வாசலில் நின்றுகொண்டு, எல்லாம் முடித்தாயிற்று, வாருங்கள் என்பதுபோல் சிரித்துக் கையசைத்தார். அவருக்குப் பின்னால் முபீனா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். மூர்த்தி போய் நின்றால் போதும், விதி செத்துவிடும். கால் நகரவில்லை. தோற்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

"யாருமே வேண்டாம்," என்றார். "நீங்க இருக்கீங்கல்ல? உங்ககூட அனுப்புறேன். யாரும் பார்க்க வேண்டாம், எந்த விதியும் வேண்டாம். உங்களச் சந்தேகப்பட்டா நான் மனுஷனே இல்ல டீச்சர்."

பரிபூரணம் டீச்சர் எழுந்து நின்றார். அவர் முகம் சிவந்திருந்தது. இத்தனை வருடத்தில் மூர்த்தி அவரை இவ்வளவு கோபமாகப் பார்த்ததில்லை. மடியில் வைத்திருந்த ஸ்கார்ஃபை அவர் கையில் திணித்தார்.

"என்கூடயும் தனியா அனுப்பாதீங்க," என்றார். "நானே வந்து கேட்டாலும் அனுப்பாதீங்க."