பங்குனி ஆமையும் முதல் குவியலும்

அந்தக் காலத்தில் கடற்கரையில் இருந்த உயிர்கள் எல்லாம் ஒரே பேச்சைப் பேசின. பங்குனி ஆமைக்கு அப்போது ஆயுளில் இரண்டு முறைதான் முட்டையிடத் தெம்பு. ஒரு முறைக்குப் பத்து முட்டை. குஞ்சு பொரியும்வரை தாய் கூட்டருகே காவல் கிடக்கும்.

பத்து போதும் என்றது நாரை. அது நூறு கூடுகளைக் கவனித்து வந்திருந்தது. வளர்ந்து கரை திரும்பியவை மொத்தம் நூறு. ஆக, கூட்டுக்கு ஒன்று. வம்சம் அறாது என்று ஆமைகள் நம்பின.

செவலை என்ற ஆமையும் நம்பினாள். அவள் தாய்வழியில் மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். முதல் முறை அவள் பத்து முட்டையிட்டுக் காவல் கிடந்தாள். பொரிந்து கடலுக்கு ஓடிய குஞ்சுகளில் இரண்டைக் காகம் கொத்தியது, ஒன்றை நாய் கவ்வியது. கண்முன்னே நடந்தது. எப்படியும் ஒன்று வந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பதினைந்து பங்குனி போயிற்று. ஒன்றும் வரவில்லை. விடியாத கூடு என்று நண்டு கேலி பேசியது.

செவலை நாரையிடம் போனாள். "கூட்டுக்கு ஒன்று என்றீரே, நாரையாரே. என்னுடையது எங்கே?"

நாரை கூட்டுக்கொரு சிப்பியாக மணலில் தனித்தனிக் குவியலாகக் குவித்தது. ஒன்றும் திரும்பாத கூடுகள் முப்பத்தைந்து. ஒன்று திரும்பியவை முப்பத்தெட்டு, இரண்டு திரும்பியவை இருபது, மூன்று திரும்பியவை ஆறு. கடைசியில் ஒற்றைச் சிப்பி. அந்தக் கூட்டுக்கு மட்டும் நான்கு.

செவலையின் கண் முதல் குவியலை விட்டு நகரவில்லை. "இதை ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் எல்லோரும் சராசரியைத்தானே கேட்டீர்கள், அக்கா. அதைச் சொன்னேன்."

இந்தக் குவியல் இல்லாமல் போக எத்தனை முட்டை இட வேண்டும் என்று கேட்டாள். அடியோடு இல்லாமல் போகாது என்றது நாரை. நூறு இட்டால் ஏறத்தாழ நாற்பதாயிரம் கூடுகளில் ஒன்றுதான் வெறுமையாகும். ஆனால் பத்துக்கு ஒன்பது சாவது மாறாது.

"அப்படியானால் தொண்ணூறு சாகும்."

"கூடக்குறைய."

இருந்த தெம்பையெல்லாம் திரட்டி, அந்தப் பங்குனியில் செவலை நூறு முட்டையிட்டாள். மணலைத் தள்ளி மூடினாள். காவலுக்குக் கிடந்தால் தொண்ணூறையும் பார்க்க வேண்டும். அவள் கிடக்கவில்லை.

அன்று முதல்தான் பங்குனி ஆமை நூறு முட்டையிட்டு மூடிவிட்டு, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் இறங்கிப் போகிறது.