கடற்கழுகும் தொரட்டியும்

கடலோரப் புன்னைமரத்தில் அந்தக் கடற்கழுகுக் கூடு நாற்பது வருஷமாக இருந்தது. ஆணும் பெண்ணும் வருஷா வருஷம் சுள்ளி சேர்த்ததில், ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம் என்கிற அளவுக்குப் பெருத்துவிட்டது. மாதாகோயில் பங்குச் சாமியார் தொலைத்த குடைகூட அதற்குள் இருப்பதாகப் பேச்சு.

அந்தக் கூட்டைப் படமெடுக்கக் கற்றுக்கொள்ள, பறவைப் படக்காரி ரெஜினாவிடம் சீடராகச் சேர்ந்திருந்தார் தணிகாசலம். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், வயது அறுபத்தெட்டு. குருவுக்கு நாற்பதுதான்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு படம். கல்யாணமான புதிதில் மனைவி கோமளத்தோடு இதே மரத்தடிக்கு வந்திருந்தார். கூட்டிலிருந்த குஞ்சு முதன்முதலாகப் பறந்த நேரம் பார்த்து, குனிந்து பிலிம் ரோல் மாற்றிக்கொண்டிருந்தார். கோமளம் பார்த்துவிட்டாள். அப்புறம் ஆயுசு முழுக்க அதைச் சொல்லியே அவரை வாரினாள். சொல்லச் சொல்ல இறக்கை முழம் முழமாக நீண்டது. கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னபோது, அதன் நிழலில் மூன்று மீன்பிடி வள்ளங்கள் நின்றன.

"புளுகாதே" என்றார் இவர்.

"நீங்க பாத்தீங்களா?" என்றாள்.

அது போன வருஷம். இதையெல்லாம் முதல் நாளே ரெஜினாவிடம் ஒப்பித்துவிட்டார்.

இந்த வருஷக் குஞ்சு இறக்கையை அடித்துப் பழகிக்கொண்டிருந்தது. இன்றோ நாளையோ கிளம்பிவிடும். கூட்டுக்கு முன்னால் ஒரு கிளை, இலையும் தழையுமாக மறைத்தது. ஒருநாள் காலை, இரண்டு மூங்கிலை ஒட்டுப்போட்டுக் கட்டிய தொரட்டியோடு வந்து சேர்ந்தார்.

"குருவே, இந்த ஒரு கிளையை மட்டும் இழுத்துரட்டுமா?"

ரெஜினா எழுந்தாள். அவர்கள் ஒளிந்திருந்து படமெடுக்கும் மறைப்பின் கூரை ஓலையைப் பிரித்துக் கீழே போட்டாள்.

"உக்காந்திருங்க ஐயா. டீ வாங்கிட்டு வர்றேன்."

திரும்பி வந்தபோது மணி இரண்டு. கையில் டீ இல்லை. அதற்குள் தணிகாசலத்தின் வழுக்கையில் அப்பளம் பொரித்திருக்கலாம். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலே அந்தக் கிளையின் நிழலில், குஞ்சு கண்ணை மூடித் தூங்கியது.

எழுந்தார். தொரட்டியாலேயே ஓலையைத் தூக்கிக் கூரைமேல் போட்டார்.

நாலாம் நாள் குஞ்சு பறந்தது.

கிளை ஆடியதுமே பொத்தானை அமுக்கத் தொடங்கினார். இலையை விலக்கிக்கொண்டு அது வெளியே வந்து கடலுக்கு மேலே இறக்கையை விரித்தபோது, விரல் நின்றுவிட்டது. கேமராவும் தானாக மடிக்கு இறங்கியிருந்தது.

வெகுநேரம் கழித்துத் திரையைக் காட்டினார். அறுபது படம். அறுபதிலும் இலை.

"இந்தத் தடவையும் விட்டுட்டேன், குருவே."

ரெஜினா கேமராவை வாங்கித் திரையை அணைத்தாள்.

"இறக்கை எவ்வளவு இருந்துச்சு?"

தணிகாசலம் கடலைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் முடிந்த மட்டும் விரித்தார்.

"அவ்வளவுதானா ஐயா?" என்றாள் ரெஜினா. "நிழல்ல எத்தனை வள்ளம் நின்னுச்சு?"