முதலில் ‘ஓதம்’, ‘மதியம்’ வேண்டவே வேண்டாம்

தூத்துக்குடியில் ஜெசிந்தாவிடம் ஒலிப்பதிவு கற்றுக்கொள்ள வந்தவர்களில் குணாளன் ஒருவர்தான் அவளைவிட வயதில் மூத்தவர். அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை அண்ணே என்றாள்.

ஞாயிறு மாலைகளில் ஒலிப்பதிவு அறை சும்மா கிடக்கும். அதன் சாவியை அவரிடம் கொடுத்திருந்தாள். புதியவர்களை அழைத்து வந்து, நல்ல ஸ்பீக்கரில் தனக்குப் பிடித்ததைக் கேட்கவைக்கலாம். அவருக்குப் பிடித்தது ஒன்றுதான்: ஈரமணல் என்ற இசைக்குழு. கணினியும் கீபோர்டும் வைத்துக்கொண்டு இரண்டு பேர் செய்யும் மெதுவான மின்னிசை. நான்கு ஆல்பங்கள். வீட்டில் அதைப் போட்டால் மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அறைக்கு வந்தவர் யாரும் இரண்டாம் முறை வரவில்லை.

ஒரு ஞாயிறு, வந்த ஆள் பாதியில் எழுந்து போனதும் குணாளன் ஜெசிந்தாவின் முன் வந்து நின்றார்.

“டீச்சர், ஜனங்களுக்குக் காதே இல்லை.”

“இன்னைக்கு எதைப் போட்டீங்க?”

“‘ஓதம்’. அதுலதான் ஆரம்பிக்கணும். அப்புறம் ‘கலங்கரை’. அது பழகின பிறகு ‘நெடுஞ்சாலை’. ‘மதியம்’ மட்டும் வேண்டவே வேண்டாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்.”

“போட்டுட்டு என்ன செஞ்சீங்க?”

“பக்கத்துல உக்காந்து விளக்கினேன். முதல் நாலு நிமிஷம் வெறும் அலைச் சத்தம் டீச்சர். சொல்லலேன்னா ஸ்பீக்கர் ரிப்பேர்னு நினைச்சுக்குவாங்க. பொறுங்க, இப்ப பேஸ் சத்தம் வரும், இப்ப வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

“வந்துச்சா?”

“வந்துச்சு. அதுக்குள்ள அவர் செருப்பை மாட்டிட்டார்.”

ஜெசிந்தா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

“அண்ணே, ஞாயித்துக்கிழமையும் அறை வேணும்னு டப்பிங்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார். அடுத்த வாரமும் ஆள் பாதியில போனா சாவியைக் கொடுத்துடுங்க.”

குணாளன் நின்றுகொண்டே இருந்தார். இன்னொரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இசையைக் கேட்க அவருக்கு வேறு இடம் கிடையாது.

“அப்போ வரிசையை மாத்தணுமா? முதல்ல ‘கலங்கரை’யா?”

“நீங்க முதல்ல எதைக் கேட்டீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எதைண்ணே?”

“‘மதியம்’.”

“வேண்டவே வேண்டாங்கிறீங்களே, அதேதானா?”

“அது சுமார் டீச்சர். ரிசப்ஷன்ல ஜூஸ் கொடுக்கிறப்ப போடுற மாதிரி இருக்கும். வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு.”

“எங்க கேட்டீங்க?”

“பல் டாக்டர்கிட்ட. கடவாய்ப் பல் எடுக்க ஊசி போட்டு உக்கார வச்சிருந்தாங்க. வாய் மரத்துப் போச்சு. டாக்டர் வர லேட். மூலையில அது ஓடிக்கிட்டு இருந்தது. பல்லை எடுத்த பிறகும் எழுந்து போக மனசு வரல. பஞ்சைக் கடிச்சுக்கிட்டு, இது யாருன்னு நர்ஸ்கிட்ட சைகையில கேட்டேன்.”

“அந்தப் பொண்ணு என்ன விளக்கம் சொன்னா?”

“அவளுக்கு என்ன தெரியும் டீச்சர். பேரைச் சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டா.”



அடுத்த ஞாயிறு சலீம் வந்தான். துறைமுகத்தில் லாரிகளுக்கு எடை போடுகிறவன். நாளெல்லாம் ஹாரன் கேட்ட களைப்பு முகத்தில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான்.

குணாளன் தொண்டையைச் செருமினார். “தம்பி, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன்...”

“அண்ணே, வெளிய வாங்க,” என்றாள் ஜெசிந்தா.

அவளே ‘மதியம்’ போட்டாள். அறைக் கதவைச் சாத்தினாள். வெளியே அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, சிக்கிக் கிடந்த கேபிள் கட்டு ஒன்றை மடியில் போட்டாள்.

“இதைப் பிரிங்க.”

“போயும் போயும் அதையா டீச்சர்?”

“பிரிங்கண்ணே.”

“நாலாவது பாட்டுல ஒரு புல்லாங்குழல் வரும். சகிக்காது. அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிட்டு வந்துடுறேன்.”

“உக்காருங்க.”

கதவின் கண்ணாடி வழியே சலீமின் முதுகு மட்டும் தெரிந்தது. குணாளன் கேபிளைப் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பாட்டு முடிந்திருக்கும். இரண்டாவது முடிந்திருக்கும். நான்காவதும் முடிந்திருக்கும். சிக்கல் இன்னும் மோசமானது.

கதவு திறந்தது. சலீம் வெறுங்காலோடு நின்றான்.

“இன்னொரு தடவை போட முடியுமா? அந்தப் புல்லாங்குழல் வர்ற இடத்துலேருந்து. இது யாருண்ணே?”

குணாளன் எழுந்தார். கேபிள் மடியிலிருந்து நழுவி விழுந்தது. நான்கு ஆல்பங்களுக்கும் சேர்த்து மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

ஜெசிந்தா அவர் தோளைத் தொட்டாள்.

“அண்ணே, உங்களுக்கு ஊசி போட்டிருக்கு. வாய் மரத்திருக்கு.”

குணாளன் இழுத்த மூச்சை விட்டார்.

“ஈரமணல்,” என்றார்.