தோரணத்தில் தூங்கிய எதிரி

முன்னொரு காலத்தில், பாயசம் குடிக்கவே முடிசூடிக்கொண்டானோ என்று ஊரார் பேசும்படி ஓர் அரசன் இருந்தான். அதுவும் ஏரியில் விதைக்காமலே விளையும் காட்டு நெல்லில் செய்த பாயசம்தான் வேண்டும் அவனுக்கு. ஆனால் மழைக்காலம் வந்தால் வெள்ளை அந்துப்பூச்சிகளும் வந்துவிடும். கதிரெல்லாம் வெளுத்துப் பதராகும். அரைக் கிண்ணம் பாயசம்கூடத் தேறாது.

தளபதி வீரகண்டர் படையோடு ஏரியில் இறங்கிப் பூச்சிகள்மேல் வாள் வீசுவார். பனிக்காலம் முடிந்ததும் அவை தாமாகவே மறைந்துபோகும். உடனே, "எதிரி ஒழிந்தான்!" என்று முரசறைந்து, பதர்த்தாள்களை அறுத்துவந்து அரசவை முழுக்க வெற்றித் தோரணம் கட்டுவார். அரசனும் ஆண்டு தவறாமல் அவர் கழுத்தில் பொற்சங்கிலி போடுவான். கனம் தாங்காமல் தளபதி குனிந்தே நடந்தார்.

இந்தக் கோடையிலும் சங்கிலி விழுந்தது. சபையில் ஒருவர் மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டார். விகடன் வயிரவர்தான். அவருக்குப் பிழைப்பும் வாயால், வம்பும் வாயால்.

தளபதி சீறினார். "அரசே, ஒரே ஓர் எதிரியை இவன் உயிரோடு காட்டட்டும்! காட்டாவிட்டால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி நாடு கடத்துங்கள்!"

அரசன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டான். "நான் இதைத் துப்புவதற்குள் காட்டு, வயிரவா. மண்டபத்தை விட்டு வெளியே போகக் கூடாது."

வயிரவர் சும்மா சிரிக்கவில்லை. போன கோடையில் பல் குத்துவதற்காகத் தோரணத் தாள் ஒன்றை ஒடித்தார். உள்ளே ஒரு புழு நெளிந்தது. அதைத் தாளோடு குடுவையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தார். முதல் மழைக்கு, அதே குடுவையில் வெள்ளைப் பூச்சி உட்கார்ந்திருந்தது.

இப்போது தோரணத்திலிருந்து ஒரு தாளை உருவிப் பிளந்தார். ஒன்றுமில்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. மந்திரிகள் நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். அரசன் எச்சில் படிக்கத்தை எடுத்தான். வயிரவர் ஒரே தாவாகத் தாவினார். தளபதியின் தலைக்குமேல் தொங்கிய தாளை எட்டிப் பறித்துப் பிளந்தார்.

கொழுத்த புழு ஒன்று சோம்பல் முறித்தது.

"இதோ எதிரி, அரசே! மழையில் பூச்சி இலைமேல் முட்டையிடும். முட்டை பொரிந்து வரும் புழு தண்டைக் குடையும், கதிர் பதராகும். கோடையில் தாளுக்குள்ளேயே தூங்கும், மழை வந்ததும் இறக்கை முளைத்துப் பறக்கும். அதைத்தான் நம் தளபதி தோளில் சுமந்துவந்து தங்கள் அரண்மனையில் குடிவைத்திருக்கிறார்."

அரசன் வெடித்துச் சிரித்ததில் வெற்றிலைச் சாறு முழுதும் தளபதியின் வெண்பட்டில் தெறித்தது. சங்கிலிகளைக் கழற்றி வயிரவருக்குப் போடச் சொன்னான்.

"எனக்கு எதற்கு, அரசே? இந்தப் புழுவுக்கே போடுங்கள். கோடை முழுக்க அரண்மனையில் தூங்கிவிட்டு, விளைந்ததும் தின்பவருக்குத்தானே இந்தச் சபையில் பரிசு!"

மந்திரிகளின் சிரிப்பு நின்றது. அரசன் இன்னும் பலமாகச் சிரித்து, அத்தனை சங்கிலியையும் தன் கையாலேயே வயிரவருக்குப் போட்டான். தளபதியும் படையும் வற்றிய ஏரியில் இறங்கி, மிச்சமிருந்த தாளையெல்லாம் பிடுங்கிக் கொளுத்தினார்கள். தோரணமும் அதோடு எரிந்தது.

அந்த ஆண்டு அரசன் அண்டாவையே மடியில் வைத்துக்கொண்டு பாயசம் குடித்தான். அதன்பிறகு வயிரவர் பல் குத்த எதையாவது ஒடித்தால் போதும், தூங்கிக்கொண்டிருக்கும் மந்திரிகள் திடுக்கிட்டு நிமிர்ந்து உட்காருவார்களாம்.