இசக்கியின் வக்கீல்கள்

இருபத்தெட்டு வருஷம் நிலத் தகராறு வழக்குகளே பார்த்த சவரிமுத்துவுக்கு ஐம்பத்தாறாவது வயதில் ஓர் ஆசை வந்தது. பிள்ளைகளுக்காக வழக்காடக் கற்றுக்கொள்ள வேண்டும். தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான வழக்கறிஞர் மெஹருன்னிசாவிடம் போய் ஜூனியராகச் சேர்ந்தார்.

முதல் வழக்கு இசக்கியம்மாளுடையது. பதினைந்து வயது. பலசரக்குக் கடைக்காரரின் ஸ்கூட்டரைத் திருடி வாய்க்காலில் தள்ளிவிட்டாள் என்று வழக்கு. விசாரணை முடியும்வரை சிறார் கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருந்தார்கள்.

புதன்கிழமைதோறும் இருவரும் போய் அவளைப் பார்த்தார்கள். முதல் வாரம், தோழி எடுக்கச் சொன்னாள் என்றாள். அடுத்த வாரம், ஓட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது என்றாள். மூன்றாவது வாரம், வண்டியைத் தொடவே இல்லை என்று சாதித்தாள்.

எல்லாவற்றையும் மெஹருன்னிசா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு நோட்டில் புள்ளி வைத்து அவளோடு கட்டம் பிடிக்கும் ஆட்டம் ஆடினார். பெரும்பாலும் தோற்றார்.

வெளியே வந்ததும் சவரிமுத்து பொருமினார்.

“மூணு வாரத்துல மூணு கதை, மேடம். எதை வச்சு வாதாடுறது? நீங்க ஒரு அதட்டு போட்டா உண்மை வந்துரும்.”

“அதட்டுன ஆளுங்ககிட்டச் சொன்னதுதான் சார் இந்த ஃபைல் முழுக்க இருக்கு.”

நான்காவது வாரம், ஆட்டத்தின் நடுவே இசக்கி பென்சிலைக் கீழே வைத்தாள்.

“அக்கா, அன்னைக்கு எங்கப்பா அம்மா மண்டையை உடைச்சிட்டாரு. ஆட்டோ கிடைக்கல. வண்டியில சாவி இருந்துச்சு. அம்மாவை ஆஸ்பத்திரியில விட்டுட்டுத் திரும்புறப்போ வாய்க்கால்ல விழுந்துட்டேன். அப்பா அடிச்சதை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிருச்சு.”

சவரிமுத்து பரபரவென்று பேனாவை எடுத்தார். மெஹருன்னிசா அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.

“இதை நான் விசாரணையில சொல்லலாமா, இசக்கி?”

“அம்மாகிட்டக் கேளுங்கக்கா.”

கேட்டார்கள். அந்த அம்மாள் வெகுநேரம் அழுதாள். ஆனால் விசாரணை நாளில் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் வந்து நின்று, முக்காட்டை விலக்கித் தலையிலிருந்த தையல் தழும்பைக் காட்டினாள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் அதே தேதி இருந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கொண்டுபோய் விட்டிருப்பேனே, புள்ள,” என்றார் கடைக்காரர்.

குழுமம் இசக்கிக்குப் புத்தி சொல்லி அனுப்பிவைத்தது. அப்பாவிடம் இல்லை, அம்மாவோடு சித்தி வீட்டுக்கு.

வாசலில் இசக்கி மெஹருன்னிசாவைக் கட்டிக்கொண்டாள். “வாரேன், தாத்தா” என்று சவரிமுத்துவின் கையையும் பிடித்துக் குலுக்கினாள். நீதிமன்றத்தில் யாராவது தாத்தா என்று கூப்பிட்டால் முறைக்கிறவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அம்மாவும் மகளும் ஏறிய ஆட்டோ தெரு முனையில் திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“மேடம், ஒண்ணு கேக்கணும். அந்த நாலாவது கதையும் பொய்யாப் போயிருந்தா?”

“அஞ்சாவதைக் கேக்கப் போயிருப்போம், சார்.”