இலாகா பாதை

"காட்டுல உதிர்ந்து கிடக்கிற நெல்லிக்காய்கூட சர்க்கார் சொத்துதான்யா." ரேஞ்சர் தனசேகரன் வனக் காவலரிடம் சொன்னது, சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ரங்கியின் காதில் விழுந்தது.

மறுநாள் அவள் மருமகள் மாதிக்குப் பிரசவ வலி கண்டது. ரங்கியும் மகனும் மூங்கிலில் தூளி கட்டி, மலையடிவார ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கி வந்தார்கள். கீழே இறங்கும் வனத்துறைப் பாதையின் கேட்டிலேயே ரேஞ்சர் நிறுத்தினார்.

"இது இலாகா பாதை. சர்க்கார் சொத்து மட்டும்தான் இதுல இறங்கலாம். நீங்க மலையைச் சுத்திப் போங்க."

"பொழுது சாஞ்சிடும் சாமி. இவ தாங்க மாட்டா."

"லட்சக்கணக்குல செலவழிச்சுப் போட்ட ரோடு. கண்டவங்க மிதிக்கவா?"

ரங்கி கைகட்டி நின்றாள். "சரிங்க சாமி. காட்டுல வெளைஞ்சதெல்லாம் சர்க்காருதுன்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க. இவ வயித்துல இருக்கிறதும் காட்டுலதான் வெளைஞ்சுது. உங்க சொத்தை நீங்களே இறக்கிடுங்க. வழியில கெட்டுப்போனா எங்களைக் கேக்கக் கூடாது."

காவலர் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ரேஞ்சர் மாதியைத் தன் ஜீப்பில் ஏற்றச் சொன்னார். ரங்கியும் மகனும் மூங்கிலோடு பின்னால் ஓடினார்கள்.

முதல் வளைவைத் தாண்டியதும் பாதையை ஓடை அரித்துக்கொண்டு போயிருந்தது. ஜீப் சகதியில் அச்சு வரை இறங்கி நின்றது.

"போன மாசம்தானே சார், ரிப்பேர் முடிஞ்சிடுச்சுன்னு கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் ஜீப்பில் கூட வந்த காவலர் மெல்ல.

ரேஞ்சர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் மாதியின் முனகல் நின்றுபோயிருந்தது. ஓடி வந்து சேர்ந்த ரங்கி அவளை இறக்கி மறுபடியும் தூளியில் கிடத்தினாள். மகன் ஒரு முனையைத் தூக்க, மறுமுனையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு சகதிக்குள் இறங்கி நடந்தாள்.