கரையில் சும்மா இருந்த ஓடக்காரர்கள்

ஆற்றுக்குப் பாலம் போடலாம் என்று யாருக்கும் தோன்றாத முன்னொரு காலத்தில், ஒரு ராஜாவுக்குத் திடீரென்று சிக்கனப் பைத்தியம் பிடித்தது. பிடிக்க வைத்தவர் நிதி மந்திரி சங்கரலிங்கர்.

"அரசே! நம் ஆற்றுத் துறையில் ஓடத்துக்கு நால்வர் துடுப்புப் போடுகிறார்கள். இன்னும் இருவர் கரை நிழலில் ஆடுபுலி ஆட்டம் ஆடுகிறார்கள். அவர்களுக்கும் அரண்மனை நெல்தான்! சும்மா இருப்பவர்களை இன்றே நீக்கிவிடலாம்."

விகடன் வெள்ளைக்கண்ணு குறுக்கிட்டான். "அரசே, அவர்கள் மாற்று ஆட்கள். ஒருவனுக்குக் கை சோர்ந்தால் இன்னொருவன் ஏறுவான்."

"சபையில் சும்மா உட்கார்ந்திருக்கும் இவரையும் சேர்த்தே நீக்கலாம்" என்றார் மந்திரி. சபை சிரித்தது. வெள்ளைக்கண்ணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே!

"நாளை மாலைக்குள் அவர்கள் தேவை என்று காட்டு. இல்லையேல் அவர்களோடு நீயும் கிளம்பு" என்றார் ராஜா.

"உத்தரவு. சும்மா இருப்பவரை நீக்கும் ஆணை அரண்மனைக்கும் உண்டல்லவா, அரசே?"

"எல்லோருக்கும் உண்டு!"

மறுநாள் காலை ராஜா மலைக்கோயிலுக்குப் பல்லக்கில் கிளம்பினார். மந்திரி கைவீசிக் கூட நடந்தார்; வெள்ளைக்கண்ணு அர்ச்சனைக் கூடையைத் தோளில் சுமந்து வந்தான். நால்வர் சுமக்க, தோள் மாற்றுவதற்காக இருவர் வெறுமனே கூட நடப்பது அங்கே வழக்கம். வெள்ளைக்கண்ணு அந்த இருவரையும் ஓரமாக அழைத்தான்.

"தோள்ல சுமை இல்லாதவங்க வீட்டுக்குப் போங்கப்பா. ராஜா உத்தரவு!"

பாதி வழியில், கருவேலங்காட்டில், சுமந்தவர்களில் ஒருவன் காலில் முள் தைத்தது. பல்லக்கு சாய்ந்தது. கிரீடம் ராஜாவின் காதுக்கு வந்துவிட்டது.

"மாற்று ஆட்கள் எங்கே?"

"சும்மா நடந்தார்கள், அரசே. நீக்கிவிட்டேன்."

ராஜாவின் முகம் சிவந்தது. ஐயோ, தலை தப்புமா என்று வெள்ளைக்கண்ணு ஓரடி பின்வாங்கினான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "இப்போது வெறுந்தோளோடு நடப்பவர் நம் மந்திரியார்தான், அரசே."

ராஜா விரலை நீட்டினார். சோற்றுக் கவளத்தைத் தவிர வேறெதையும் தூக்கியறியாத சங்கரலிங்கர் தண்டுக்குத் தோள் கொடுத்தார். ஒரு மேடுகூடத் தாண்டவில்லை.

"அரசே, தோள் போகிறது! மாற்றிக்கொள்ள ஓர் ஆள்!"

"ஓர் ஆள் போதுமா, மந்திரியாரே?" என்று வெள்ளைக்கண்ணு பணிவாகக் கேட்டான்.

"அவனுக்கும் முள் தைத்தால்? இருவர்! இருவர் வேண்டும்!"

"துறையிலும் ஓடத்துக்கு இருவர்தான், அரசே. அதற்கு மேல் ஒருவரும் இல்லை."

 ராஜா பல்லக்கே ஆடும்படி சிரித்தார். "அரசே, சிரிக்காதீர்கள், கனக்கிறது!" என்று அலறினார் மந்திரி.

"ஓடக்காரர்கள் ஒருவர்கூடப் போக வேண்டாம். வெள்ளைக்கண்ணு, இனி நீ சபையில் சும்மா உட்கார மெத்தை போட்ட ஆசனம் தருகிறேன்!"

அப்பாடா! வெள்ளைக்கண்ணுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அன்று மாலை அவன் நேராகத் துறைக்குப் போய், மர நிழலில் ஓடக்காரர்களோடு ஆடுபுலி ஆட உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் சங்கரலிங்கரும் தோளில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கப்பா," என்றார், "நானும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கேன்."